மொட்டைக்கரட்டு வளைவு

மொட்டைக்கரடு என்கிற ஊரின் தொழிலதிபர்கள் எல்லாரும் ஒரு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் ஏ.சி. போட்டுக் கூடி, விருந்துக்கு முன்னால் கூட்டத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், இந்த ஊரில் தொழில் கற்றுக்கொண்ட இளைஞர்கள் ஒருவரும் இனி இந்த ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து அவர்களில் யாராலும் போக முடியவில்லை.

கரூருக்குத் தெற்கே, மழை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பூமி அது. கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போனதால் ஆழத்திலிருந்து தண்ணீரை இழுக்கும் பம்புகளைப் பற்றி யோசித்து யோசித்து, தண்ணீர் இல்லாத அந்த ஊர் தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்குப் பேர்போன ஊர் ஆகிவிட்டது. பம்பு ஆலைகளைச் சுற்றி வால்வு செய்கிறவர்கள், பல்சக்கரம் வெட்டுகிறவர்கள் என்று ஒரு தொழிற்பேட்டையே வளர்ந்தது. ஆனால் பாலிடெக்னிக் முடித்து வரும் பிள்ளைகள் அங்கே இரண்டு வருஷம் கை பழகிவிட்டு, பெங்களூருக்கும் ஓசூருக்கும் புனேவுக்கும் வண்டி ஏறிவிடுவார்கள். "நாம எழுதப் படிக்கச் சொல்லிக்குடுக்கறோம், பெங்களூர்க்காரன் கையெழுத்து வாங்கிக்கிறான்" என்று சங்கத் தலைவரும் ஊரிலேயே பெரிய பம்பு ஆலையின் முதலாளியுமான அர்த்தநாரி மைக்கில் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்ன வால்வுக் கம்பெனிக்காரர் எழுந்து, "சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்திப் பார்க்கலாமுங்களா?" என்று கேட்டார். அந்நேரம் பார்த்து இலை போட்டாயிற்று என்று சமையல்காரர் வந்து சொன்னதால் அது யார் காதிலும் விழவில்லை.

ஊரிலிருந்து வெளியே போக ஒரே சாலைதான். அது அலங்கார வளைவின் அடியில் புகுந்து, புல்கூட முளைக்காத பாறைக் குன்றான ஒரு கரட்டைச் சுற்றிக்கொண்டு கரூர் பக்கம் போகும். வளைவின் உட்புறம் 'நன்றி, மீண்டும் வருக' என்றும் வெளிப்புறம் 'மொட்டைக்கரடு உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்றும் எழுதியிருக்கும். திங்கட்கிழமை காலை கோகிலவாணி என்கிற பெண், அர்த்தநாரியின் ஆலையில் கம்ப்யூட்டர் வைத்து இரும்பு வெட்டும் சி.என்.சி. மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவள், புனேயில் கிடைத்த வேலைக்குப் போவதற்காக இரண்டு பைகளோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கரூர் பஸ், நன்றி சொன்ன வளைவுக்குள் நுழைந்து, கரட்டைச் சுற்றி, வரவேற்ற வளைவின் முன்னால் வந்து நின்றது.

டிரைவர் தான்தான் தூங்கிவிட்டதாக நினைத்து முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். மறுபடியும் கரடு, மறுபடியும் வரவேற்பு. மூன்றாம் முறை கண்டக்டர் ஜெயசீலன் கரட்டடியில் வண்டியை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, கூடையில் அழுகிய தக்காளியைத் தேடுகிறவரைப் போல ஒவ்வொருவராக ஏற்றிப் பார்த்தார். கோகிலவாணி கீழே நின்றால் பஸ் கரூர் போனது. கோகிலவாணி ஏறினால் பஸ் ஊருக்கு வந்தது.

"அம்மிணி, தப்பா எடுத்துக்காதே. மத்தவிங்களுக்கெல்லாம் சோலி கெடக்குது" என்று சொல்லிப் பைகளை அவள் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு ஜெயசீலன் விசில் அடித்தார். வழியனுப்ப வந்து, பஸ் நிலையத்திலேயே யாரோடோ பேசிக்கொண்டிருந்த அவளுடைய அம்மா ரத்தினாள், மகள் பைகளோடு நடந்து வருவதைப் பார்த்து, "என்ன கண்ணு, அதுக்குள்ள லீவு குடுத்துட்டாங்களா?" என்றாள்.

அந்த வாரத்திலேயே ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தொழில் தெரிந்த இளவட்டங்களைச் சாலை திருப்பிவிடுகிறது, மற்றவர்களை விட்டுவிடுகிறது. நாற்பதைத் தாண்டிய பிட்டர்கள் எவ்வளவு கைகாரர்களாக இருந்தாலும் தாராளமாகப் போய்வரலாம், தீர்மானத்தில் இளைஞர் என்றுதான் இருந்தது. காட்டு வழியாக நடந்து பார்த்தவர்கள் முள் கிழித்த காலோடு அதே வரவேற்பு வளைவின் முன்னால் வந்து சேர்ந்தார்கள். இது எப்படி நடக்கிறது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கரண்ட் எப்படி வருகிறது என்றுகூட அவர்கள் கேட்டதில்லை, போனால்தான் கேட்பார்கள். கரட்டடி வந்ததும் ஜெயசீலன் எழுந்து, "வேலை தெரிஞ்சவிங்க யாராச்சும் இருந்தா எறங்கிக்குங்க சாமி" என்று குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இறங்குகிறவர்கள் தலை நிமிர்ந்து இறங்கினார்கள். உட்கார்ந்திருக்கும் பட்டதாரிகள் ஜன்னலுக்கு வெளியே கரட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்றாலும்.

பெண் பார்ப்பது போல இப்போது வளைவு பார்க்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் நல்ல நேரத்தில் ஒரு வேன் பேசி, பையனை நடுவில் உட்கார வைத்துக் கரட்டைச் சுற்றுவார்கள். வேன் திரும்பி வந்தால் வெடி வெடித்து அன்றைக்கே நிச்சயம் செய்து உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்கள். வேன் திரும்பாமல் நேராகப் போய்விட்டால், எல்லாரும் சாலையோரத்து மைல்கல்லைப் படித்துக்கொண்டு வருவார்கள். பிறகு பையனின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எப்படியும் பழனிக்கு ஒரு வேண்டுதல் இருந்துச்சுங்க" என்பார். அந்த வருஷம் பழனிக்கு மொட்டைக்கரட்டிலிருந்து போன கூட்டம் அதற்கு முன்னால் எப்போதும் போனதில்லை. போனதற்கு மொட்டையும் போட்டுக்கொண்டு வந்ததால், ஊருக்குள் மழித்த தலையோடு ஒரு இளைஞன் நடந்தால் அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஊருக்கு மேற்கே பெரிய கட்டடங்களோடு ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. அங்கே படித்தவர்கள் எல்லாரையும் சாலை அப்படியே விட்டுவிட்டது. ஒரு மாதம் பேசாமலிருந்த நிர்வாகம் பிறகு நெடுஞ்சாலை ஓரமாகப் பெரிய பலகை வைத்தது: 'எங்கள் மாணவர்களை எந்தச் சக்தியாலும் தடுத்து நிறுத்த முடியாது.' அடுத்த வருஷம் அங்கே இடம் கிடைக்கச் சிபாரிசு தேவைப்பட்டது.

முதலாளிகள் மகிழ்ச்சியில் மிதந்தார்கள். தீர்மானம் போட்ட மறுநாளே பலன் கிடைத்த சங்கம் தமிழ்நாட்டில் வேறு எது என்று அர்த்தநாரி பேட்டி கொடுத்தார். மாவட்டத்திலிருந்து ஒரு தொழில் அதிகாரி ஜீப்பில் வந்து, கரட்டைச் சுற்றி டேப் பிடித்து அளந்து, இதேபோன்ற வளைவுகளைப் பின்தங்கிய பகுதிகள் எல்லாவற்றிலும் கட்டினால் இளைஞர்கள் அங்கங்கே தங்கிவிடுவார்கள் என்று அறிக்கை எழுதிப் போனார். கரடு இல்லாத ஊர்களில் கரடு அமைப்பதற்கும் அதில் வழி சொல்லியிருந்தார்.

அதற்கப்புறம்தான் ஆலைகளில் ஒவ்வொன்றாக மாறியது. தீபாவளி போனஸ் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. வருஷா வருஷம் ஏறும் சம்பளம் ஏறவில்லை, பிறகு கொஞ்சம் இறங்கவும் செய்தது. சாயங்கால டீயில் பால் குறைந்து, ஒரு நாள் டீயே நின்றது. கோகிலவாணி ஆபீஸ் அறைக்குப் போய்க் கேட்டபோது அர்த்தநாரி கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "புடிக்கலீன்னா போ அம்மிணி. யாரு உன்னையப் புடிச்சு வெச்சிருக்கறாங்க?" என்றார். புனேக்காரர்கள் இரண்டு முறை தேதி தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். சாலை விடவில்லை என்று அவள் எழுதியதைச் சாலை சரியில்லை என்று புரிந்துகொண்டு, மழைக்காலம் முடியட்டும் என்று பதில் எழுதினார்கள். அப்புறம் எழுதவில்லை.

ரத்தினாளுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. அப்பா இல்லாத வீட்டில் மகளை அந்தப் பஞ்சுத் தூசிதான் படிக்க வைத்தது, அதே தூசி நெஞ்சிலும் ஏறியிருந்தது. கார்த்திகையில் ஒரு மத்தியானம் மில்லிலேயே மூச்சு வாங்கிச் சரிந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. கோகிலவாணி ஆலையிலிருந்து ஓடிவந்து ஏறி, அம்மாவின் ஆக்ஸிஜன் முகமூடியைச் சரிசெய்து, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி சத்தம் போட்டுக்கொண்டு கரட்டைச் சுற்றி, வரவேற்பு வளைவின் முன்னால் வந்து நின்றது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள், அவளும் ஒருமுறை கரட்டடியில் இறங்கியவள்தான்.

"அம்மா, வுடு. கையை வுடும்மா" என்றாள் கோகிலவாணி. நினைவு பாதி போயிருந்த ரத்தினாளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. வண்டி அவளை இறக்கிவிட்டுவிட்டுப் போனது, திரும்பி வரவில்லை. அவள் அந்தச் சத்தம் கேட்காமல் போகும்வரை கரட்டடியில் நின்றாள்.

ரத்தினாள் பிழைத்துக்கொண்டாள். கரூர் ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டுக்காரிதான் கூட இருந்தாள். "புள்ளை வரலீங்களா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "என்ற புள்ளைக்கு ரொம்பத் தெறமைங்க, அதனால வரமுடியலீங்க" என்று ரத்தினாள் சொல்லியிருக்கிறாள். மருந்து மயக்கத்தில் பேசுகிறாள் என்று நர்ஸ் எழுதி வைத்தாள்.

அந்த நாட்களில் கோகிலவாணி திறமையை விட்டுவிடப் பார்த்தாள். மிஷினில் வேண்டுமென்றே அளவு தப்பவிட்டு, ஒரு வாரம் முழுக்க உருப்படிகளைப் பாழாக்கிவிட்டுப் போய் பஸ் ஏறினாள். பஸ் திரும்பியது. ஆலையில் யாருக்கும் தெரியாதபடி கெடுப்பதற்கே நல்ல கை வேண்டும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை, சாலைக்கு உறைத்திருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அர்த்தநாரி ஒரு தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சுமாக அவள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஒரே மகன், பிரணவ். லண்டனில் நிர்வாகம் படித்துவிட்டு அங்கேயே ஒரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவன், நீண்ட விடுமுறையில் வந்திருந்தான். அவன் நினைத்தபோது கார் எடுத்துக்கொண்டு கரூர் போனான், ஈரோடு போனான், சினிமா பார்க்கக் கோயம்புத்தூர் போனான். ஒரு நாள்கூட சாலை அவனைத் திருப்பவில்லை. அவன் கார் கரட்டைத் தாண்டும்போதெல்லாம் டீக்கடையில் யாராவது சிரித்தார்கள். மாசியில் சங்கத்துக்குப் பாராட்டு விழா நடக்கவிருந்தது. ஊரின் திறமைசாலிகளைத் தக்கவைத்த தலைவருடைய பிள்ளை தக்கவைக்கத் தகுதியில்லாதவன் என்று மேடைக்குக் கீழே பேசுவார்களே என்று நினைத்து நினைத்து அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை.

"அம்மிணி, என்ற பையனுக்கு ஏதாச்சும் ஒரு வேலை கத்துக்குடு. பெருசா ஒண்ணும் வேண்டாம். ரோடு திருப்பிவுடற அளவுக்கு இருந்தாப் போதும்."

"அவரு லண்டன்ல படிச்சவருங்களே?"

"படிச்சான். எல்லாருத்தையும் வேலை வாங்கறது எப்படீன்னு படிச்சான். அது ரோட்டுக்குப் புரியமாட்டீங்குது."

கோகிலவாணி பழத்தட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். "தொழிற்பேட்டைக் கடைசில உங்க பழைய கொட்டாய் ஒண்ணு பூட்டிக் கெடக்குதுங்களே. உள்ள ரெண்டு கடைசல் லேத்தும் இருக்குது. அதை அஞ்சு வருஷத்துக்கு எனக்கு வாடகைக்கு எழுதிக் குடுங்க."

"அதை வெச்சு நீ என்ன பண்ணுவே?"

"எங்கயும் போக முடியாத நாங்க நாலு பேரு உக்கார ஒரு எடம் வேணுமுங்க."

கேரம் போர்டு விளையாடுவார்கள் என்று அர்த்தநாரி நினைத்துக்கொண்டார். மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிரணவ் கொட்டகைக்கு வெள்ளைச் சட்டையில் வந்தான். முதல் வாரத்தில் அவன் உடைத்த கட்டிங் டூல்களைக் கோகிலவாணி ஒரு தகர டப்பாவில் போட்டு அவனுடைய அப்பாவுக்கு அனுப்பி வைத்தாள். அவள் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறவள் இல்லை. "அதான் சொன்னனே" என்பதைத் தவிர வேறு விளக்கம் அவளிடம் கிடைக்காது. ஆனால் பிரணவிடம் ஒரு நல்ல குணம் இருந்தது, புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிவிடுவான். லண்டனில் அதைச் சொன்னதற்காக அவனுக்கு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். விரல் கிழிந்தது, சட்டை கறுத்தது, தை பிறந்தது. அவன் கடைந்த ஒரு புஷ், தண்டைச் சுற்றி உட்காரும் உலோக வளையம், ஒரு நாள் தண்டில் தட்டாமல் கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தபோது, காற்று வெளியேறும் மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. அவன் அதைக் கழற்றி மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி, அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

விடுமுறை முடிந்து லண்டனுக்குக் கிளம்பிய அன்று அர்த்தநாரியே காரோட்டி விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார். கார் கரட்டைச் சுற்றியது. வரவேற்பு வளைவு எதிரே வந்தது. அர்த்தநாரி காரை நிறுத்திவிட்டு நடுரோட்டில் இறங்கி, அறுபது வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். டீக்கடைக்காரருக்கு வாயில் சர்க்கரை போட்டார். கரூரிலிருந்து சரவெடி வாங்கிவர ஆள் அனுப்பினார்.

பிரணவ் காருக்குள்ளேயே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அப்பா, திங்கக்கிழமை நான் அங்க வேலைல இருக்கணும்."

"அதெல்லாம் கெடக்குது கண்ணு. நம்ம ஆலையிருக்குது. நாளைக்கே வந்து சேர்ந்துக்க."

"சரிங்கப்பா. என்ன சம்பளம்?"

ஆறு மாதமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் படிந்துபோன பதில், அர்த்தநாரி யோசிப்பதற்கு முன்னால் தானாகவே வெளியே வந்தது. "பார்க்கலாம், பார்க்கலாம். எங்க போயிரப் போறே?"

சொன்ன பிறகு அவருக்கே கேட்டது. பிரணவ் காரிலிருந்து இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு, ஊர்க்காரர்கள் வழிவிட, தொழிற்பேட்டைக் கடைசியிலிருந்த கொட்டகைக்கு நடந்து போனான். பாராட்டு விழாவில் அர்த்தநாரிக்கு வெள்ளியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். மகன் வரவில்லை.

கொட்டகையில் கேரம் போர்டு இல்லை. கோகிலவாணி ஒரு கருவியை வரைந்து வைத்திருந்தாள். தண்ணீரை இழுக்கிற பம்பு பற்றித் தெரிந்தவளுக்குத் தூசியை இழுக்கிற ஒன்றைச் செய்ய முடியாதா என்று, அம்மாவின் விரல்களைப் பிரித்த அன்றிலிருந்து அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். நூற்பு மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தால் பறக்கிற பஞ்சுத் தூசியை இழுத்து ஒரு பைக்குள் அடைத்துவிடும் கருவி. முதலில் செய்தது இழுப்பதற்குப் பதிலாக ஊதியது, கொட்டகைக்குள் எல்லாரும் வெள்ளையாகிவிட்டார்கள். அடுத்தது இழுத்தது. ரத்தினாளின் மில்லில் ஒன்றை வைத்தார்கள். இருமல் குறைந்ததைவிட, பைக்குள் சேர்ந்த பஞ்சை விற்கலாம் என்பது மில் முதலாளிக்குப் பிடித்துப் போனது. திண்டுக்கல்லிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் மில்காரர்கள் தேடி வந்தார்கள். வெளியூரில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வர, சாலை சட்டை செய்யாத நாற்பது தாண்டிய பிட்டர்கள் இருந்தார்கள். கொட்டகையில் லாபத்தை எல்லாரும் பிரித்துக்கொண்டார்கள். சாயங்காலம் பால் விட்ட டீ உண்டு. ஆலைகளிலிருந்து ஒவ்வொருவராக நழுவி இங்கே வந்தார்கள். ஊரைவிட்டுத்தான் போக முடியாது, ஆலையைவிட்டுப் போகக்கூடாது என்று தீர்மானத்தில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சித்திரையில் ஆலைகளில் பாதி மிஷின்கள் ஆளில்லாமல் நின்றன. தொழிலதிபர்கள் மறுபடியும் கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். இளைஞர்கள் ஒரே ஊரில் அடைந்து கிடப்பது நாட்டுக்கு நல்லதில்லை, அவர்கள் வெளியே போய் உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தநாரி மைக்கில் உருக்கமாகப் பேசினார். ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மறுநாள் காலை எல்லா முதலாளிகளும் கார்களில் கரட்டடிக்கு வந்து, கோகிலவாணியைக் கெஞ்சிக் கூத்தாடி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். பஸ் கரட்டைச் சுற்றி அவர்களிடமே வந்து நின்றது. அவள் இறங்கி, எல்லாருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

எந்தத் தீர்மானமும் இல்லாமல், கூட்டமும் இல்லாமல், ஐப்பசியில் ஒரு சாதாரண புதன்கிழமை அது நின்றது. ரத்தினாளை மாதாமாதம் செக்கப்புக்கு அனுப்பும்போது கோகிலவாணி கரட்டடிவரை கூடப் போய் இறங்கிக்கொள்வாள். அன்றைக்கு மழை. ஜெயசீலன் குரல் கொடுத்தபோது அவள் அம்மாவுக்குக் குடை தேடிக்கொண்டிருந்தாள். டிரைவரும் கவனிக்காமல் போய்விட்டார். பஸ் கரட்டைச் சுற்றியது. எதிரே வளைவு இல்லை, ஒரு சோளக்காடு இருந்தது. அதற்கப்பால் அவள் ஒன்றேகால் வருஷமாகப் பார்க்காத ஒரு பெட்ரோல் பங்க்.

டிரைவர் பிரேக் போட்டார். ஜெயசீலன் அவள் பக்கத்தில் வந்து, துக்கம் விசாரிக்கிற குரலில், "அம்மிணி, கைக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா?" என்றார்.

கோகிலவாணி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கே ஒரு நிமிஷம் பயமாக இருந்தது. பிறகு பர்ஸைத் திறந்து, "கரூர் ரெண்டு குடுங்கண்ணா" என்றாள். ரத்தினாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கரூர் வரும்வரை அழுதாள், ஏன் அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

சாலை எல்லாரையுமே விட்டுவிட்டது என்று மத்தியானத்துக்குள் தெரிந்துபோனது. அந்த வாரத்தில் கொட்டகையில் இருந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பினார்கள். யாரையும் யாரும் தடுக்கவில்லை. பிரணவ் பெட்டியைத் துடைத்து வெளியே எடுத்து வைத்தான், இரண்டு நாள் கழித்து அதன்மேல் ஸ்பேனர்களை அடுக்கினான். கோகிலவாணி புனேவுக்கு ரயில் ஏறினாள். தொழிலதிபர்கள் சங்கத்தில் அன்றைக்கு யாரோ ஜிலேபி வாங்கிக் கொடுத்ததாகவும், அதை அர்த்தநாரி தொடவில்லை என்றும் சொல்வார்கள்.

புனே ஆலை அவள் கற்பனை செய்ததைவிடப் பெரிதாக இருந்தது. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். அவளை மறந்திருக்கவில்லை, உங்கள் ஊரில் மழைக்காலம் முடிந்ததா என்று கேட்டார்கள். சுற்றிக் காட்டினார்கள், சம்பளம் சொன்னார்கள், நல்ல சம்பளம். மதியம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது, தூசிக் கருவியின் புது மாடலில் வந்துகொண்டிருந்த ஒரு கிறீச் சத்தம் எதனால் என்று சப்பாத்தியைப் பிய்க்கிற நேரத்தில் அவளுக்குத் திடீரென்று பிடிபட்டது. எதிரே உட்கார்ந்திருந்த தூத்துக்குடிப் பெண்ணிடம், அவள் பெயர் ஜெனோவா, அதைச் சாம்பார் கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்து விளக்க ஆரம்பித்தாள். ஜெனோவா கரண்டியை வாங்கி வேறு மாதிரி வைத்துக் காட்டினாள். இரண்டு பேரும் சாப்பாட்டு நேரம் முடிந்ததைக் கவனிக்கவில்லை.

கோகிலவாணி போய்விட்டாள் என்றே ஊர் முடிவு செய்திருந்தது. அர்த்தநாரி அந்த நாட்களில் காலை நேரங்களில் பஸ் நிலையத்தில் வந்து உட்கார்ந்தார். போகிற பிள்ளைகளிடம் ஒவ்வொருவராக எழுந்து போய் எதையோ சொல்ல வருவார். கடைசியில், "பத்திரமாப் போய்ட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கரூர் பஸ்ஸிலிருந்து கோகிலவாணி இறங்கினாள். அவளுக்குப் பின்னால், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த வெயிலையும் அந்த மண்ணையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி ஜெனோவா இறங்கினாள்.

அர்த்தநாரி எழுந்தார். புதுப்பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். "எங்கிருந்து வர்றே அம்மிணி?"

"புனேல இருந்து வாறேன். சொந்த ஊரு தூத்துக்குடி."

"புனேல இருந்தா? இந்த ஊருல அப்படி என்ன இருக்குதுன்னு இங்க வந்தே?"

ஜெனோவா பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா எங்க கூட வேலைக்கு வாறியான்னு கேட்டாவ. என்ன வேலை, என்ன சம்பளம், எல்லாத்தையும் சொல்லித்தான் கேட்டாவ. வந்துட்டேன்."

அர்த்தநாரி அப்படியே நின்றார். பெண்கள் இருவரும் ஆட்டோ பேசிக்கொண்டு போன பிறகும் நின்றார். முப்பது வருஷமாக ஆலை நடத்துகிறவர், ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தவர், அவர்களில் ஒருவரிடமாவது இதைக் கேட்டிருக்கிறோமா என்று பஸ் நிலையத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஞாபகம் வரவில்லை. காரை விட்டுவிட்டு நடந்தே தொழிற்பேட்டைக்குப் போனார். கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் கழற்றினார். உள்ளே பிரணவ் முழங்கை வரை கிரீஸோடு குனிந்திருந்தான்.

"கண்ணு" என்றார். லேத் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் முயன்று பார்த்தார். "நம்ம ஆலைக்கு வேலைக்கு வர்றியா?"

பிரணவ் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அவர் அடுத்த வார்த்தையைத் தேடி வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். கொட்டகையில் இரண்டு லேத்தும் நின்றன, எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"சம்பளம்..." என்று ஆரம்பித்த அர்த்தநாரி, வாழ்க்கையில் முதல் முறையாக, அந்த வாக்கியத்தை முடித்தார்.

பிரணவ் கையைத் துணியில் துடைத்தபடி ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். "உக்காருங்கப்பா" என்றான். "இன்னும் கொஞ்சம் பேசலாம்."